பம்பை நிறுத்தச் சொன்னவர்

இரும்பு ஏணியில் பாதி வரைக்கும் இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் இழுத்திருந்த சிவப்புக் கோட்டுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார் பெரிய சார். தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றைக்கு அவரே பெயின்ட் தொட்டுப் போட்ட கோடு. ஒரு வாரம் ஆகிவிட்டது. வெயில் குடித்தது போக அதற்கு மேல் தண்ணீர் இறங்கியிருந்தால் தொட்டி எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகினால் சுவரைக் கொத்தி, விரிசலைத் தேடி, மறுபடி பூசி, மறுபடி நிரப்பி, மறுபடி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

மேலே கம்பி கட்டுகிறவர்களும் கொத்தனார்களும் விளிம்பில் குந்தியிருந்தார்கள். தொட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த பம்புகளின் சத்தம் மட்டும்தான்.

"என்ன சார், நிக்குதா?" என்று கேட்டான் பம்பு ஓட்டுகிறவன். உடம்பிலும் சட்டையிலும் எந்நேரமும் டீசல் வாடை அடிப்பதால் அவனுக்கு டீசல் என்றே பெயர் விழுந்துவிட்டது.

"நிக்குதுடா. சொட்டு ஒழுகல."

பெரிய சார் மேலே ஏறி வந்தபோது அவருடைய முழங்கை இரண்டும் பாசி. யாரோ துண்டை நீட்டினார்கள். புதிதாகக் கட்டுகிற சுத்திகரிப்பு நிலையத்தில் ஊரின் மொத்தச் சாக்கடையும் முதலில் வந்து விழப்போகிற தொட்டி அது. மூன்று ஆள் ஆழம் பூமிக்குள் போய், முழங்கால் உயரம் மட்டும் வெளியே தெரிந்தது. வெறும் புதர்க்காடாகக் கிடந்த இடத்தில் முதல் மண்வெட்டி விழுந்ததிலிருந்து அவர் இங்கேதான் கிடந்தார். அடித்தளத்துக்குக் கான்கிரீட் கொட்டியபோது வீட்டுக்குப் போகாமல் சிமென்ட் மூட்டைகளின் மேல் படுத்திருந்தார். சாக்கடைத் தொட்டியைப் பற்றி யாரிடமும் பெருமை பேச முடியாது. ஆனாலும் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். சின்ன சார் இறங்கினார். காதில் போன்.

"ஆமா சார். நான் சைட்லதான் நிக்கறேன். தொட்டி பாஸ் ஆயிடுச்சு. ஆமா, நானே பாத்தேன் சார். சுத்தமா ஒழுகல. தாங்க்ஸ் சார், தாங்க்ஸ்."

போனை அணைத்துவிட்டுத்தான் கேட்டார். "என்னண்ணே, ஒழுகலதானே?"

பெரிய சாருக்கு வயிற்றில் எதுவோ பற்றிக்கொண்டது. "ஒழுகல சார்" என்றார்.

"அய்யோ, என்னண்ணே நீங்க என்னைப் போயி சார்ங்கறீங்க?"

"ஆபீஸ்னா ஆபீஸ் மாதிரி இருக்கணும் இல்லையா, சார்?"

இரண்டு பேரும் சகலைகள். பெரிய சார் அக்காளைக் கட்டியவர், சின்ன சார் தங்கையைக் கட்டியவர். மாமனார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை. அதையே பிடித்துக்கொண்டு சைட்டில் பெரிய சார், சின்ன சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குழாய் பதிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை போய், கல்யாணமான புதிதில் சும்மா உட்கார்ந்திருந்த சின்ன சாரை இங்கே கொண்டுவந்து சேர்த்தவரே பெரிய சார்தான். "பையன் தங்கமானவன், நான் கேரண்டி" என்று பழைய மேனேஜரிடம் சொன்னார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

பழைய மேனேஜர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி யாருக்கு என்பதில் சைட்டில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. பெரிய சாருக்கும் இல்லை. மேனேஜர் அறைக்குள் கையெழுத்து வாங்கப் போகும்போதெல்லாம் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட வேண்டும் என்று மனசுக்குள் தீர்மானித்து வைத்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே தொட்டி தெரியும். மனைவியிடம்கூடச் சொல்லியிருந்தார்.

தலைமை அலுவலகத்தின் முடிவு அவருக்கு அலுவலகத்திலிருந்து வரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமனார் போட்டார். 'நமது சின்ன மாப்பிள்ளை மேனேஜராக உயர்வு பெற்றுள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழே மச்சினன், சித்தப்பா, பெரியம்மா, எங்கோ இருக்கிற ஒன்றுவிட்ட அத்தை எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். பெரிய சார் சாயங்காலம் வரைக்கும் பொறுத்து, தானும் ஒரு கட்டைவிரலைப் போட்டார்.

காரணம் பிறகு தெரிந்தது. பணம் கொடுக்கிற வங்கிக்காரர்கள் முன்னால் சின்ன சார் திரையில் படம் காட்டி நன்றாகப் பேசுவாராம். டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். பெரிய சாருக்குப் பேச்சு வராது. கூட்டத்தில் எழுந்து நின்றால் கான்கிரீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மேஜையைப் பார்த்துச் சொல்லுவார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவிக்குத் தங்கை வாழ்வதில் சந்தோஷம். தங்கை தன்னைவிட ஒரு படி மேலே ஏறி வாழ்வதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து மாறி மாறி வந்தன.

"அவங்க வீட்டுக்கு இப்போ கார் வருதாம். டிரைவரோட. பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் இவரை ஏத்திக்கிறானாம்."

"ம்."

"என் தங்கச்சி நல்லா இருந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நீங்கதானே அவரை உள்ள கூட்டிட்டு வந்தீங்க?"

"அதைத் தெனமும் ஞாபகப்படுத்தணுமா?"

"யாரு ஞாபகப்படுத்தினா? வாயைத் தொறந்தா எரிஞ்சு விழறீங்க."

ஒருநாள் மாமியார் போன் செய்தார். முன்பெல்லாம் "சாப்டீங்களா மாப்பிள்ளை" என்று ஆரம்பிக்கிறவர், இப்போது நேராக விஷயத்துக்கு வந்தார். "சின்ன மாப்பிள்ளைக்குத் தலைக்கு மேல வேலையாம். பாவம், இளைச்சுப்போயிட்டாராம். நீங்க கூடமாட ஒத்தாசையா இருங்க மாப்பிள்ளை."

"இருக்கேன் அத்தை" என்றார் பெரிய சார். போனை வைத்துவிட்டு, போட்ட சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தார்.

தொட்டி சோதனையில் தேறியதும் தண்ணீரை வெளியேற்ற ஆரம்பித்தார்கள். உள்சுவரைச் சாக்கடையின் அமிலம் அரிக்காமலிருக்கக் கறுப்புப் பூச்சு பூச வேண்டும். அதற்கு முன்னால் டைரக்டரும் வங்கிக்காரர்களும் வந்து காலித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. பந்தல், மேடை, மைக், பெரிய பேனர். தொட்டியைவிடப் பந்தலுக்குத்தான் சின்ன சார் அதிகம் அலைந்தார்.

அந்த இடத்தின் மண் ஒரு மாதிரியானது. இடுப்பளவு தோண்டினால் போதும், தண்ணீர் ஊறி வந்துவிடும். அதனால் குழி தோண்டிய நாளிலிருந்து சுற்றிலும் பம்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. பழைய மேனேஜர் காலத்தில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. தொட்டி காலியாக இருந்தால் பம்பு நிற்கக் கூடாது. பம்பு நிற்க வேண்டுமானால் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். எங்கும் எழுதி ஒட்டியதில்லை. பழைய மேனேஜரும் பெரிய சாரும் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். சுற்றி மண்ணைக் கொட்டி இறுக்கி, மேலே மூடி போடுகிற வரைக்கும் அப்படித்தான்.

குழாய்க்காரராக இருந்து வந்த சின்ன சார் தொட்டி கட்டியதில்லை.

பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தபோது அவர் பெரிய சாரைத் தனியாக அழைத்துப் போனார். பம்புச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, இந்தச் சத்தத்துல மைக் வச்சாலும் ஒண்ணும் கேக்காது. டைரக்டர் பேச ஆரம்பிச்சா மானமே போயிடும். எனக்கு ஒரு டவுட்டு. குழி காயணும்னுதானே பம்பு? அதான் தொட்டி கட்டி முடிச்சாச்சே. இனிமே எதுக்கு வெட்டியா ஓடணும்? நிறுத்திடலாம்ல?"

பதில் பெரிய சாரின் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீர் நிறைந்த வாளிக்குள் காலிச் சொம்பை அமுக்கிப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் என்ன ஆகும், அதுதான் ஆகும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம்.

"அப்புறம் அண்ணே," என்று அவர் தோளில் கை வைத்தார் சின்ன சார். "உங்களுக்கும் மேடையில ஒரு சேர் போடச் சொல்லிருக்கேன். ஓரமாத்தான் வரும். இருந்தாலும் மேடைதானே, விட்டுக்குடுக்க முடியுமா?"

நிஜமான பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் பெரிய சாரால் தாங்க முடியாமல் போயிற்று. தோளில் இருந்த கையைப் பார்த்தார். புதுக் கடிகாரம். சொம்பும் வாளியும் தொண்டைக்குள்ளேயே இறங்கிப்போயின.

"மேனேஜர் நீங்க" என்றார். "உங்களுக்குத் தெரியாததா சார்?"

சின்ன சார் சிரித்தார். "கிண்டல் பண்ணாதீங்கண்ணே. அப்போ நிறுத்திடறேன்."

நிகழ்ச்சியன்று காலை டீசல் அவரைத் தேடிச் சிமென்ட் குடோனுக்கு வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். டைரக்டர் வருகிறார் என்று அவன் மனைவி தாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, பம்புகளையும் சேர்த்துத் துடைத்து வைத்திருந்தாள். நிலையம் ஓட ஆரம்பித்ததும் டீசலை நிரந்தர ஆப்பரேட்டராகப் போடுவதாகப் பெரிய சார் வாக்குக் கொடுத்திருந்தார். சைட் சைட்டாகப் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து சலித்துப்போன அந்தப் பெண், நிலையத்தின் கேட்டுக்கு எதிரே வாடகைக்கு ஒரு வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

"சார், மேனேஜர் சார் பம்பை நிறுத்தச் சொல்றாரு."

"அதுக்கு?"

"வந்த நாள்லேருந்து நிறுத்தினதே இல்லையே சார். நிறுத்தட்டுங்களா?"

"மேனேஜர் சொன்னா செய்ய வேண்டியதுதானே? என்னை எதுக்குக் கேக்கற?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் தைரியம் சார்."

வானம் வெளுத்துத்தான் கிடந்தது. மழைக்கு அறிகுறி இல்லை. சாயங்காலத்துக்குள் தண்ணீர் அவ்வளவு ஏறிவிடாது என்று பெரிய சார் கணக்குப் போட்டார். கூட்டம் கலைந்ததும் தானே போய் ஓடவைத்துவிடலாம். ஓடவைத்துவிட்டு, டைரக்டர் காதில் விழுகிற மாதிரி, "நல்லவேளை சார், நான் கவனிச்சேன். இல்லேன்னா தொட்டியே போயிருக்கும்" என்று சொல்லலாம். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று எல்லாரும் ஒரு தடவை பார்க்கட்டும். அந்த நினைப்பு அவருக்கு இனித்தது.

"நிறுத்து" என்றார்.

டீசல் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனான். கடைசிப் பம்பு விக்கிக்கொண்டு நின்றதும் சைட் முழுக்க ஒரு அமைதி வந்தது. குருவிச் சத்தம் கேட்டது. கொத்தனார்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி பிரமாதமாக நடந்தது. டைரக்டர் பேசியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "இந்த இளைஞரின் உழைப்பு" என்று அவர் சின்ன சாரைக் கை காட்டியபோது பெரிய சார் மேடையின் ஓரத்தில், பந்தல் கம்பத்துக்குப் பின்னால் பாதி மறைந்து, கை தட்டிக்கொண்டிருந்தார். வங்கிக்காரர்கள் விளிம்பில் நின்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா" என்றார்கள். சின்ன சார் சுவரில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி ஏதோ விளக்கினார். பிறகு எல்லாரும் பேனருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பெரிய சாரும் போய் நின்றார்.

"சார், அந்த ஓரத்துல நிக்கறவர்," என்றான் போட்டோக்காரன். "எழுத்து மறைக்குது. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

பெரிய சார் தள்ளிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் என்றான். தள்ளிக்கொண்டே போய்ப் படத்தை விட்டே வெளியே வந்தவர், அப்படியே நடந்து பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பம்பு அவர் நினைவில் இல்லாமல் இல்லை. கேட்டைத் தாண்டும்போதுகூட இருந்தது. கிடக்கட்டும், மேனேஜர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

வீட்டுக்குப் போனால் போட்டோ அவருக்கு முன்னால் குழுவில் வந்திருந்தது. அத்தனை பேரும் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

மறுநாள் காலை அவர் வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரவே பிடித்துக்கொண்ட மழை. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்து, பேனர் சேற்றில் கிடந்தது. கேட்டுக்குள் நுழையும்போதே அவர் கண்ணுக்குத் தப்பு தெரிந்துவிட்டது. முழங்கால் உயரம் தெரிய வேண்டிய தொட்டிச் சுவர், ஒரு மூலையில் தொடை உயரத்துக்கு நின்றது. அந்த மூலையில் நுழைகிற பெரிய குழாய் கழுத்தில் ஒடிந்து தொங்கியது. சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல், உள்ளே கைவிடலாம் போல.

டீசல் பம்புகளை மழையிலேயே ஓடவைத்துக்கொண்டிருந்தான். விளிம்பில் சின்ன சார் நனைந்து நின்றார். குடை கையில் மடங்கிக் கிடந்தது.

"அண்ணே, எவ்வளவு கனம்! இது எப்படிண்ணே எழும்பும்?"

இப்போது பெரிய சார் எல்லாவற்றையும் சொன்னார். வாளி, சொம்பு, ஊற்று, மழை ஒன்று விடாமல் பொறுமையாக விளக்கினார். சின்ன சாரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே விளக்கினார்.

"இதை அன்னிக்கே சொல்லிருக்கலாமேண்ணே?"

"மேனேஜர் நீங்கன்னு சொன்னேனே."

சின்ன சார் ஈரக் கையால் முகத்தை வழித்துக்கொண்டார். உதடு நடுங்கியது. இத்தனை மாதங்களாகப் பெரிய சார் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. ஆசை தீரப் பார்த்தார். அப்புறம் தொட்டிப் பக்கம் திரும்பினார். அந்த மூலையில் கான்கிரீட் கொட்டிய ராத்திரி அவருக்கு ஞாபகம் வந்தது. எழும்பியது சகலையின் தொட்டி இல்லை, தன்னுடையது என்று அப்போதுதான் உறைத்தது. அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, மழை.

மத்தியானம் டைரக்டர் வந்தார். மேனேஜர் அறையில் அவர் நாற்காலியில் உட்கார, சகலைகள் இருவரும் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். டைரக்டர் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நாளைக்கு வங்கிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லியாகணும். நேத்துதான் இந்த மேனேஜரை மேடையில வச்சுப் புகழ்ந்திருக்கேன். இன்னிக்கு அவர்தான் தொட்டியை ஒடச்சாருன்னு சொன்னா என் மூஞ்சியில துப்புவாங்க. பம்பை நிறுத்தினது யாரு?"

"சார், நான்தான்..." என்று ஆரம்பித்தார் சின்ன சார்.

"நீங்களா? நீங்க உங்க கையால நிறுத்தினீங்களா?"

"இல்ல சார், ஆனா..."

"யாரு நிறுத்தினாங்களோ அவங்களைக் கூப்பிடுங்க."

டீசல் வந்து வாசலிலேயே நின்றான். செருப்பை வெளியே விட்டிருந்தும் காலெல்லாம் சேறு. தரை அழுக்காகிவிடும் என்று உள்ளே வர யோசித்தான்.

"மேனேஜர் சார் சொன்னாங்க. பெரிய சாரையும் கேட்டுட்டுத்தான் நிறுத்தினேன் சார்."

டைரக்டர் மெதுவாகப் பெரிய சார் பக்கம் திரும்பினார். "உங்களைக் கேட்டானா?"

ஆமாம் என்றால், தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்பார். அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் நாற்காலி கிடையாது, இருக்கிற வேலையும் கிடையாது. பெரிய சார் டைரக்டரின் தலைக்கு மேலே, நாற்காலியின் உயரமான முதுகைப் பார்த்தார்.

"என்னை யாரும் கேக்கல சார்."

டீசல் அவரைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. தனக்குத்தான் சரியாக ஞாபகம் இல்லையோ என்று சந்தேகப்படுகிறவனைப் போல் பார்த்தான்.

"காலையில சார்... சிமென்ட் குடோன்கிட்ட..."

சின்ன சார் பெரிய சாரைப் பார்த்தார். அந்தப் பொய்யில் தனக்கும் தப்பிக்க ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டும்தான் நிறுத்தச் சொன்னேன் சார். முடிஞ்சதும் போடணும்னு அவனுக்கே தெரியும். அண்ணன் மேலயும் தப்பு இல்ல."

"முடிஞ்சதும் கேட்டேன் சார். நாளைக்குப் பாத்துக்கலாம்னு நீங்கதானே..." என்று சின்ன சார் பக்கம் திரும்பினான் டீசல்.

"போதும்" என்றார் டைரக்டர். "நீ வெளிய இரு."

சகலைகள் இருவரும் ஒரே பக்கம் நின்றது கல்யாண வீட்டு போட்டோவுக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

எல்லாம் சீக்கிரமே முடிவாயிற்று. கவனக்குறைவு என்று டீசலுக்கு வேலை போனது. வங்கிக்காரர்கள் மறுபடி பார்க்க வரும்போது சின்ன சார் இங்கே இருப்பது நன்றாக இருக்காது என்று அவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். நீண்டகாலத் திட்டமிடலுக்கு அங்கே ஒரு பதவி இருந்ததாம், பேசத் தெரிந்த ஆள் வேண்டுமாம். தொட்டியைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் சைட்டில் பெரிய சார் ஒருத்தர்தான் என்பதால் மேனேஜர் நாற்காலி அவருக்கு வந்தது.

மாமனார் குழுவில் போட்டார். 'நமது சின்ன மாப்பிள்ளை தலைமை அலுவலகத்தில் மிக உயர்ந்த பொறுப்புக்குச் செல்கிறார். பெரிய மாப்பிள்ளையும் மேனேஜர் ஆகியுள்ளார்.'

பெரிய சார் அந்த 'உம்'மைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

முதல் நாள் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். நாற்காலி சகலையின் உயரத்துக்கு ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. கீழே இருந்த பிடியைத் திருகிப் பார்த்தார், இறங்கவில்லை. கால் தரையில் முழுசாகப் பாவாமலேயே உட்கார்ந்துகொண்டார். வெளியே மறுபடி மழை பிடித்திருந்தது. விரிசலை அடைக்கிற வரைக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்ப முடியாது. எழும்பிய மூலை அப்படியே நின்றது.

டீசல் கதவருகே வந்து நின்றான். அவன் மனைவி மூட்டை முடிச்சுகளோடு கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருப்பது ஜன்னலில் தெரிந்தது.

"கிளம்பறோம் மேனேஜர் சார். பம்பை யார்கிட்ட ஒப்படைக்கட்டும்?"

"புது ஆள் நாளைக்குத்தான் வருவான்."

"அப்போ இன்னிக்கு?"

பெரிய சார் மேஜை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "மழையா இருக்கு. தொட்டி காலியா கிடக்கு. நிறுத்தக் கூடாதுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"நாளைக்கு வரைக்கும் பாத்துக்கோ. கணக்குலேருந்து உன் பேரை எடுத்துட்டாங்க, இன்னிக்குச் சம்பளம் போட முடியாது. நான் வேணா கையிலேருந்து..."

"அதெல்லாம் வேணாம் சார்" என்றான் டீசல். போகத் திரும்பியவன் நின்றான். "சார், நான் அன்னிக்கு உங்களைக் கேட்டேன்தானே?"

மேஜை மேல் போன் அடித்தது. பெரிய சார் அவசரமாக எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். டீசல் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

மனைவிதான். "என்னங்க, என் தங்கச்சி பேசினா. அவங்க ஆபீஸ் பத்தாவது மாடியாம். ஜன்னல்ல நின்னா ஊரே தெரியுமாம். ஒரு சத்தம் கிடையாதாம், அப்படி அமைதியா இருக்குமாம். காரும் பெரிசாக் குடுக்கறாங்களாம். எனக்குச் சந்தோஷம்தான், ஆனா... கேக்குதா?"

பெரிய சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கோணலாக நின்ற தொட்டிக்குப் பக்கத்தில் டீசல் நல்ல சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெற்றுடம்போடு கேனைத் தூக்கிப் பம்புக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். மழைத் தண்ணீர் உள்ளே விழுந்துவிடாமல் அவள் தன் தலையிலிருந்த ஷீட்டை எடுத்துப் பம்பின் வாய்க்கு மேலே விரித்துப் பிடித்தாள்.

பத்தாவது மாடி. பெரிய காரு. வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"பம்புச் சத்தம். ஒண்ணுமே கேக்கல. இரு" என்று சொல்லிவிட்டு, எட்டி ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்.